பழைய கொத்தனாரின் பிழை



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘போரும் கட்டடக் கலையும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் கட்டடப் பொறியாளன், கணக்குப் போட்டே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் சுற்றக் கிளம்பினேன். எந்த ஊருக்குப் போனாலும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. கூட வருகிறவர்களுக்கு இது தீராத தொல்லை.

ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வி. குண்டு விழுந்து இடிந்த பழைய கட்டடம் ஒன்றைத் திரும்பக் கட்டப் போகிறோம். ஆராய்ந்து பார்த்தால், முதலில் கட்டியவர் ஓரிடத்தில் தவறு செய்திருப்பது தெரிகிறது. அந்தத் தவறையும் சேர்த்துக் கட்டுவதா, திருத்திக் கட்டுவதா? பின்வரிசை வரை கேட்கிறதல்லவா? சரி.

போஸ்னியாவில் மோஸ்தார் என்று ஓர் ஊர். நெரெத்வா ஆறு ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. அதன்மேல் 1566-இல் ஒரு கல் பாலம் கட்டி முடித்தார்கள். கட்டியவர் ஹைருதீன். ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞரான சினானிடம் பயின்றவர். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. கரைக்குக் கரை 28 மீட்டருக்கு மேல் ஒரே தாவலாக ஒரு வளைவு. கோடைக்காலத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 20 மீட்டர். வளைவைத் தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாளில், பாலம் விழுந்துவிட்டால் தன்னைப் புதைக்கட்டும் என்று ஹைருதீன் குழி வெட்டி வைத்திருந்தாராம். கதைதான். ஆனால் சென்ட்ரிங் பிரிப்பதற்கு முந்தின இரவு நிம்மதியாகத் தூங்கிய பொறியாளனை நான் பார்த்ததில்லை. அதனால் கதையை நம்புகிறேன்.

427 ஆண்டுகள் நின்ற பாலத்தை, போஸ்னியப் போரின்போது, போஸ்னிய குரோட் படையின் டாங்கி சுட்டது. 1993 நவம்பர் 9 காலையில் அது ஆற்றில் விழுந்தது. அந்தக் காட்சி படமாகவே இருக்கிறது. விருப்பம் உள்ளவர்கள் பாருங்கள், நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

போர் ஓய்ந்து, 1997-இல் ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கற்களைத் தூக்கி வந்தார்கள். கற்கள் கிடைத்துவிட்டன, இனி எடுத்து அடுக்க வேண்டியதுதானே என்று ஊர் நினைத்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் குண்டடி பட்ட கல்லை வெளித்தோற்றத்தை வைத்து எடைபோட முடியாது. உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். சுவரில் பதித்தால் தாங்கும், வளைவில் வைத்தால் தாங்காது. வளைவில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் இரண்டு பக்கமும் நெருக்குண்டு கிடப்பது. நம் ஊர்ச் சிற்பிகள் கல்லைத் தட்டி, ஓசையைக் கேட்டுத்தான் தேறும் தேறாது என்பார்கள். ஆற்றிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலானவை தேறவில்லை. கரையில் அடுக்கி வைத்தார்கள். புதுக் கல் வெட்ட மலைக்குப் போனார்கள்.

அந்தக் கல்லின் பெயர் டெனெலியா. வெளிறிய சுண்ணாம்புக் கல். ஊருக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் முகோஷா என்கிற இடத்தில் கிடைக்கிறது. வெட்டியெடுக்கும்போது உளிக்கு இளகிக் கொடுக்கும், காற்றுப்படக் கிடந்தால் இறுகிவிடும். செம்பூராங்கல்லில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் குணம் தெரியும். கல் இளசாக இருக்கும்போதே உளிவேலையை முடிக்க வேண்டும். இயந்திர வாள் அறுத்துக் கொடுத்தாலும், மேற்பரப்பைப் பொளிந்து முடிப்பது கைதான். வாள் அறுத்த முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். வெயில் அதன்மேல் விழுந்து வழுக்கிப் போய்விடும். உளி பட்ட முகத்தில்தான் வெளிச்சம் தங்கும்.

இனி ஈயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், எனக்குப் பிடித்த இடம். ஹைருதீன் பக்கத்துப் பக்கத்துக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்தார். கல்லில் பள்ளம் வெட்டி, கவ்வியின் வளைந்த இரு நுனிகளையும் இறக்கி, மேலே உருக்கிய ஈயத்தை ஊற்றுவது முறை. கவ்வி வெளியே தெரிகிற இடத்தில் இது சுலபம். மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் இடையில் மறைந்து நிற்கும் இரும்பு முளைக்கு எப்படி ஊற்றுவது? கல்லிலேயே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி விட்டுவிடுவார்கள். கல்லை இறக்கி வைத்த பிறகு, வெளிவாயில் ஊற்றினால் ஈயம் ஓடி உள்ளே முளையைச் சூழ்ந்துகொள்ளும். பள்ளத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஊற்றியது முழுக்கப் போய்ச் சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்க வழி கிடையாது. இத்தனை பாடு எதற்கு? இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். ஈயம் அந்த இரும்புக்கு உறை. கல் அசைந்தால் தானும் நெளிந்து கொடுக்கும். 2001-க்குப் பிறகு வேலையை எடுத்துச் செய்த துருக்கி நிறுவனத்தின் கல்தச்சர்கள் இதே முறைக்குத் திரும்பினார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம், செய்யவில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். இடிவதற்கு முன்பே எடுத்த அளவைப் படங்கள் அந்தப் பாலத்துக்கு இருந்தன. அவற்றை வைத்து ஆராய்ந்தபோது ஒன்று புலப்பட்டது. ஹைருதீனின் வளைவு சீரானது இல்லை. ஆற்றின் மேல்பக்க முகமும் கீழ்ப்பக்க முகமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துப்போகவில்லை. கற்களின் அளவும் ஒன்றுக்கொன்று மாறுகிறது. சென்ட்ரிங் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், கரையில் அளவு பிசகியிருக்கலாம். 16-ஆம் நூற்றாண்டின் ஒரு கைப்பிசகு அது. இன்றைய கணினியில் அதை நேராக்க அரை நிமிடம் ஆகாது. நேராக்கினால் வளைவுக்கு வேண்டிய 456 கற்களையும் சில அச்சுகளிலேயே அடக்கிவிடலாம். நேரம் மிச்சம், காசு மிச்சம்.

அவர்கள் கோணலைக் கோணலாகவே கட்டினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி அளவு, தனித்தனி வரைபடம். வீண் பிடிவாதம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பாலத்தின் மேல் ஏறிப் பார்த்த பிறகும் முழுக்க மனம் மாறியது என்று சொல்ல மாட்டேன். கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே கல்வரம்புகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் கால் வைத்து ஏறும்போது கோணல் தெரியவில்லை. கரையிறங்கித் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கோணலாக அல்ல, கையால் வரைந்த கோடு மாதிரி. அளவுகோல் வைத்து இழுத்த கோட்டுக்கும் கையால் இழுத்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். கோலம் போடுகிறவர்கள் இந்த அரங்கில் நிறைய இருக்கிறார்கள்.

2004 ஜூலையில் பாலத்தைத் திறந்தார்கள். மறு ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதுவும் சச்சரவில்லாமல் இல்லை. 1964-இல் வெனிஸில் கூடிய வல்லுநர்கள் எழுதிய சாசனம், விழுந்த கற்களையே எடுத்துப் பழைய இடத்தில் அடுக்குவதைத்தான் ஒப்புக்கொள்கிறது. மற்றபடி புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் புதிது என்று தெரிய வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் சொந்த ஊர்ப் பாலம் ஆற்றில் கிடப்பதைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது டிரெஸ்டன். ஜெர்மனியில் எல்ப் ஆற்றங்கரை. அன்னை மரியாள் பெயரிலான பெரிய ஆலயம் அங்கே 1726-இல் தொடங்கி 1743-இல் முடிந்தது. கட்டியவர் கியோர்க் பேஹ்ர், தச்சர். நகரசபையின் தலைமைத் தச்சராக இருந்தவர், மரத்தில் கைவைத்துப் பழகியவர். அப்படிப்பட்டவர் கோபுரத்தின் குவிமாடத்தைக் கல்லிலேயே கட்டினார். எடை ஏறத்தாழ 12,000 டன். ஊரார் அதைக் கல்மணி என்றார்கள், கவிழ்த்து வைத்த மணிபோல் இருக்கும். 1760-இல் பிரஷ்யப் படை பீரங்கியால் சுட்டும் குவிமாடம் அசையவில்லை.

ஆனால் உள்ளுக்குள் நோய் இருந்தது. கட்டி முடிப்பதற்கு முன்பே விரிசல்கள் தோன்றின. பேஹ்ர் 1738-இல் இறந்துபோனார், முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை. அவர் போட்ட கணக்கு என்ன? குவிமாடத்தின் பாரம் உள்ளே நிற்கும் எட்டுத் தூண்கள்மேல் மட்டும் இறங்காது. சாய்வாக விரிந்து வெளிச்சுவர்களுக்கும் போய்ச் சேரும் என்று நினைத்தார். அருமையான எண்ணம். பாரம் அப்படி விரியும்போது சுவர்கள் வெளியே தள்ளப்படாமல் இழுத்துப் பிடிக்க இரும்பு வளையம் வேண்டும். அன்றைய இரும்பு அதற்குப் போதவில்லை. வளையம் தளர்ந்தது, பாரம் தூண்களின் தலையில் உட்கார்ந்தது. 200 ஆண்டுகள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 1938-க்குப் பிறகு கான்கிரீட் வளையங்கூடப் போட்டார்கள்.

1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சு. ஆலயம் அன்று விழவில்லை. உள்ளே பற்றிய தீயில் மணற்கல் தூண்கள் பழுத்துக் கனன்றன. 15-ஆம் தேதி காலையில்தான் தூண்கள் நொறுங்கி அத்தனையும் இறங்கின. சூடேறிய மணற்கல் வலுவிழக்கும். ஏற்கெனவே தாங்க முடியாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த தூண்கள், பாவம், வேறென்ன செய்யும்?

பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது ஒரு கற்குவியல். கிழக்கு ஜெர்மனி அரசு போர் நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டது. இடிபாட்டை இடிபாடாக விடுவதா, கட்டுவதா என்ற வாதம் நமக்கு அந்நியமானதில்லை. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் கரிந்த சுவர்கள் குறித்தும் இதே வாதம் நடந்தது. அங்கேயும் இங்கேயும் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதைத் தவிர நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

1990-இல் டிரெஸ்டன் மக்கள் உலகுக்கு ஒரு வேண்டுகோள் விட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் லூட்விக் கூட்லர், டிரம்பெட் வாசிப்பவர். 1993 ஜனவரியில் குவியலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பிரித்த விதம்தான் செய்தி. புல்டோசரை விடவில்லை, தொல்லியலாளர் அகழ்வதுபோல் அகழ்ந்தார்கள். ஒவ்வொரு கல்லும் குவியலில் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எப்படித் திரும்பிக் கிடந்தது என்று குறித்துக்கொண்டு, எண் போட்டு, படம் எடுத்துத் தூக்கினார்கள். விழுந்து கிடந்த இடத்திலிருந்து, அது எங்கிருந்து விழுந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இதற்குக் கணினி துணை நின்றது. ஆனால் இந்தக் கல் கார்னிஸிலிருந்தா ஜன்னல் ஓரத்திலிருந்தா என்று கடைசியில் சொன்னது கல்தச்சரின் கண்தான். உளித் தடம், பழைய சாந்து ஒட்டியிருந்த பக்கம், மழை அரித்த பக்கம் என்று கல்லில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட முகப்புக் கற்கள் தேறின. அவற்றில் 3,500-க்கு மேல் மீண்டும் சுவரேறின.

மரக்கதவுகளுக்கு வழி? சித்திர வேலைப்பாடு இருந்தது என்று தெரியும், எப்படி என்று தெரியாது. ஊராரிடம் கேட்டார்கள், உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொடுங்கள் என்று. மணமக்கள் அந்தக் கதவு முன்னால் நின்றுதானே படம் எடுத்துக்கொள்வார்கள்! பாட்டிமார்களின் பெட்டிகளிலிருந்து ஆல்பங்கள் வந்தன. மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் தெரிந்த செதுக்கலைப் பார்த்துத் தச்சர்கள் செதுக்கினார்கள்.

இங்கே பழைய கொத்தனாரின் பிழையை என்ன செய்தார்கள்? திருத்தினார்கள். எட்டுத் தூண்களுக்கும் பொறுக்கியெடுத்த கல், மெல்லிய சீரான சாந்து இடுக்கு. பழைய தூண்களில் இடுக்கு கண்டபடி இருந்தது. சாந்து தடிமனாக இருந்தால் தூணின் பலம் கல்லின் பலமாக இருக்காது, சாந்தின் பலமாகிவிடும். குவிமாடத்தின் அடியில் எஃகு வளையம் கட்டி முறுக்கேற்றினார்கள். பொறியாளர்கள் ஃபிரிட்ஸ் வென்ட்செலும் வொல்ஃப்ராம் யேகரும் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அவர்கள் பேஹ்ரின் எண்ணத்தை மாற்றவில்லை. அவர் கையில் இல்லாத இரும்பை அவருக்குக் கொடுத்தார்கள். இப்போதுதான் பாரம் அவர் 1730-களில் நினைத்த வழியில் இறங்குகிறது. கோபுர உச்சிச் சிலுவையை லண்டனில் ஆலன் ஸ்மித் என்ற பொற்கொல்லர் செய்தார். டிரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானம் ஒன்றில் அவர் தந்தை இருந்தார். 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் மீண்டும் திறந்தது.

அந்தச் சுவரைப் பார்த்தால் வெள்ளைச் சட்டையில் மை தெளித்ததுபோல் இருக்கும். கறுப்பாகத் தெரிவது பழைய கல். தீப்பிடித்த கரி என்றுதான் வழிகாட்டிகள் சிலர் சொல்கிறார்கள், என்னிடமும் ஒருவர் சொன்னார். பெரிதும் அது கரி இல்லை. அந்த மணற்கல்லில் இரும்புச் சத்து உண்டு, காற்றுப்பட்டு வயதாக ஆகத் தானாகவே கறுக்கும். புதுக் கற்களும் மெல்லக் கறுத்து வருகின்றன. ஒருநாள் எது பழையது எது புதியது என்று தெரியாமல் போகும். வெனிஸ் சாசனக்காரர்கள் கவலைப்படட்டும்.

போலந்தின் வார்சாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 எழுச்சியை அடக்கிய ஜெர்மன் படை, பழைய நகரைத் தெருத் தெருவாகத் தகர்த்தது. கல் அதிகம் மிச்சமில்லை. மிஞ்சியது காகிதம். பல்தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக் கலைத் துறையினர் போருக்கு முன் வீடு வீடாக எடுத்த அளவைப் படங்களைக் கடத்திப் போய், பியோத்ர்கூஃப் ஊர் மடத்தின் கல்லறைகளுக்கிடையே ஒளித்து வைத்திருந்தார்கள். கூடவே ஓவியங்கள். பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற வெனிஸ் ஓவியர் 18-ஆம் நூற்றாண்டில் வார்சாவின் தெருக்களை வரைந்திருக்கிறார். அதற்கு முன் டிரெஸ்டனில் இருந்தவர், நான் சொன்ன கல்மணியையும் வரைந்திருக்கிறார். ஆனால் ஓவியர் இல்லையா, கை சும்மா இருக்குமா? அங்கங்கே அழகுக்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். 1950-களில் கொத்தனார்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள். இப்படியாக, முன்னொருபோதும் இல்லாத ஒன்றிரண்டு அலங்காரங்கள் வார்சாவில் செங்கல்லாக நிற்கின்றன. கொத்தனாரின் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இது ஓவியரின் பொய். எனக்கு இதில் சிரிப்புத்தான் வருகிறது. 1980-இல் யுனெஸ்கோ அதையும் சேர்த்துத்தான் பட்டியலில் ஏற்றியது.

வார்சாவைக் கட்டியதில் ஒரு தலைமுறை தொழில் கற்றது. போலந்து அரசு இதற்கென்றே பட்டறைகள் நிறுவியது. அங்கே வளர்ந்தவர்களை மற்ற நாடுகள் கூப்பிட்டன. அப்படிப் போனவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் கசிமிர் க்வியாட்கோவ்ஸ்கி, 1980-களின் தொடக்கத்தில் வியத்நாமுக்கு. வியத்நாமியர் அவரைக் கசிக் என்று அழைத்தார்கள்.

அவர் போன இடம் மீ சான் பள்ளத்தாக்கு. தா நாங் நகருக்குத் தென்மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. சம்பா என்ற பழைய நாட்டின் அரசர்கள் சிவனுக்கு, பத்ரேசுவரர் என்ற பெயரில், 4-ஆம் நூற்றாண்டு முதல் கோயில் எழுப்பிய இடம். இன்று நிற்பவை பெரும்பாலும் செங்கல். பிரெஞ்சுக்காரர்கள் எழுபதுக்கு மேற்பட்ட கட்டடங்களைப் பட்டியலிட்டு எண் கொடுத்தார்கள், ஆன்றி பார்மாந்தியே அவற்றை அளந்து வரைந்தார். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. இருந்தவற்றிலேயே பெரியதான ஏ1 கோபுரம் மண்ணோடு மண்ணானது. சம்பாக் கலையில் ஊறிய பிரெஞ்சு அறிஞர் ஃபிலிப் ஸ்தேர்ன் அதிபர் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார்.

கசிக் போனபோது முதல் வேலை கண்ணிவெடி அகற்றுவது. பிறகுதான் செங்கல். அந்தச் செங்கல்லில் ஒரு புதிர் உண்டு. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் சாந்து கண்ணுக்குத் தெரியாது, நகக்கண்கூட நுழையாது. பச்சைச் செங்கல்லை அடுக்கிக் கோபுரத்தையே சூளையாகச் சுட்டார்கள் என்றார்கள் சிலர். செங்கல்லோடு செங்கல்லைத் தேய்த்து, மரப்பிசின் தடவி ஒட்டினார்கள் என்றார்கள் வேறு சிலர். அந்தக் காட்டில் அதற்கேற்ற பிசின் மரம் இன்றும் உண்டு. பின்னால் வந்த இத்தாலியக் குழு ஆராய்ந்தபோது பிசின் பக்கம்தான் தராசு சாய்ந்தது. கசிக் 1997-இல் அந்த நாட்டிலேயே இறந்தார். ஹோய் ஆன் நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். நம் இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் 2022 வரை அங்கே வேலை செய்தது. 2020-இல் ஏ10 கோயிலைத் தோண்டும்போது ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் முழுசாகக் கிடைத்தது. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

மோஸ்தாரில் பிழையைக் காப்பாற்றினார்கள், டிரெஸ்டனில் திருத்தினார்கள். மீ சானில் பழைய கொத்தனாரிடம் நான் பிழை எதையும் காணவில்லை. நான் போன அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. பழைய சுவர் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததுபோல் செக்கச்செவேலென்று, பாசி இல்லாமல் நின்றது. அதே சுவரில் நம் காலத்தில் ஒட்டுப்போட்ட இடங்கள் தனியாகத் தெரிந்தன. சில இடத்தில் பச்சைப் பாசி, சிமெண்ட் பட்ட இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பக்கத்தில் நின்ற காவலாளிக்குத் தமிழும் தெரியாது, என் ஆங்கிலமும் புரியவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, ஒட்டுப்போட்ட இடத்தில் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலில் ஒட்டிய உப்பைக் காட்டினார். பிறகு பழைய செங்கல்லில் தேய்த்துக் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.